நடுவில் ஆளில்லாத மூன்று நாள்

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.
20.7.2008

மாலா,

முதலில் உன் உடம்பைப் பற்றி நாலு வரி எழுது. போனில் நீ "நல்லா இருக்கேம்மா" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. வாந்தி நின்றதா, சோறு இறங்குகிறதா, இடுப்பு வலிக்கிறதா, எல்லாம் எழுது. போனில் நான் எதையும் மனசுவிட்டுக் கேட்க முடியாது. போன் கூடத்தில் உங்கப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் ரிசீவரை எடுத்தாலே மனுஷன் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு இந்த வீட்டில் "உங்கப்பாகிட்ட சொல்லு" என்பதற்கு ஆளில்லை. எனக்கும் அவருக்கும் பேச்சில்லாமல் இத்தனை வருஷம் குடும்பம் ஓடியது உன் புண்ணியத்தில். இப்போது நான் காலண்டரைப் பார்த்து "கேஸ் தீந்துபோச்சு" என்கிறேன். அவர் டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணைப் பார்த்து "சாயங்காலம் சிலிண்டர் வந்துரும்" என்கிறார். ரொம்ப அவசரமென்றால் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாளை மதில் வழியாகக் கூப்பிடுகிறேன். "ஏன்க்கா, அவரு உங்க பின்னாடிதானே நிக்கிறாரு" என்று சிரிக்கிறாள். ஊர் சிரிப்பாய்ச் சிரிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் உன் பிரசவத்துக்கு வருகிறேன். வந்தவள் அப்படியே அங்கேயே இருந்துவிடுகிறேன். குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வேலைக்குப் போ. உங்கப்பாவுக்கு நான் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கோபத்தில் எழுதவில்லை, ஆற அமர யோசித்துத்தான் எழுதுகிறேன். விசாவுக்கு உங்கள் ஊர் மேரியில், அதான் அந்த நகராட்சி ஆபீசில், எழுதி வாங்க வேண்டிய பேப்பரை வாங்கி அனுப்பு.

அப்புறம் இது என்ன கூத்து? நேற்று மாப்பிள்ளையின் அத்தை ஈனெஸ் அம்மா வந்திருந்தார். நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து, பிள்ளைச்சாவடி தாண்டி ஒரு பீச் ரிசார்ட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் ஆகஸ்ட் பதினைந்திலிருந்து மூன்று நாள் ரூம் போட்டிருக்கிறீர்களாம். டிபன், சாப்பாடு, காபி, பலகாரம் எல்லாம் அதிலேயே அடக்கமாம். சமையலறைக்கு வந்து என்னிடம் கேட்டார். "அவரு சரின்னா எனக்கும் சரிங்க" என்றேன், அவர் எங்கே சரி சொல்லப்போகிறார் என்ற தைரியத்தில். கூடத்துக்குப் போய் அவரைக் கேட்டார். "அவங்க சரின்னா எனக்கென்னங்க" என்றாராம், அதே தைரியத்தில். ஈனெஸ் அம்மா "த்ரே பியான்! ரொம்ப நல்லது!" என்று கை தட்டிவிட்டுப் போய்விட்டார்.

சம்பந்தி வீட்டு மனுஷியிடம் கொடுத்த வாக்கை நாங்கள் எப்படி மீறுவது? நீயே போன் பண்ணி வேண்டாமென்று சொல்லிவிடு.

அம்மா

*

சார்செல், பிரான்ஸ்.
1.8.2008

அம்மா,

சொல்ல மாட்டேன்.

வாந்தி நின்றுவிட்டது. சோறு இறங்குகிறது, ரசம் இருந்தால் இன்னும் நன்றாக இறங்கும். உன் மாப்பிள்ளை தெயோ வைக்கிற ரசத்தை நீ பார்க்கக் கூடாது. இடுப்பு வலிக்கவில்லை. குழந்தை உதைக்க ஆரம்பித்திருக்கிறது. போதுமா?

நாள் பார்த்துத்தான் ரூம் போட்டோம். அப்பா தன் கல்யாணத்துக்கே அரை நாள் லீவு போட்ட ஆள் என்று நீதான் சொல்வாய். பதினைந்து சுதந்திர தினம். பதினாறு நம் ஊருக்கு மட்டும் லீவு. பதினேழு ஞாயிறு. மின்துறையில் அவர் இல்லாமல் கரண்டே வராது என்று சாக்குச் சொல்ல முடியாது. உங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகிறது. ஒரு நாளாவது இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயாவது போயிருக்கிறீர்களா? எனக்கு நினைவிருப்பதெல்லாம் பஸ்ஸில் நீ முன்னால், அப்பா பின்னால், டிக்கெட்டை எடுத்துக்கொண்டு நான் நடுவில்.

அம்மா, நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது இந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. ஏன் என்று இன்றுவரைக்கும் யாரும் சொல்லவில்லை. "அந்த மனுஷன் நாக்குல உப்பு ஒறைக்குதான்னு கேளு" என்பாய். நான் கூடத்துக்குப் போய், "குழம்பு எப்பிடி இருக்குன்னு அம்மா கேக்குறாங்கப்பா" என்பேன். "வாயில வைக்க முடியலைன்னு சொல்லு" என்பார். நான் திரும்பி வந்து, "கொஞ்சம் உப்பு கம்மியாம்மா" என்பேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்ததைவிட உங்கள் வார்த்தைகளை வடிகட்டத்தான் நான் அதிகமாக மூளையைச் செலவழித்தேன்.

நீ இங்கே வருவது எனக்குச் சந்தோஷம். நீ எனக்கு வேண்டும், எப்போதையும்விட இப்போது வேண்டும். ஆனால் என்னைப் பார்க்க வருகிறாயா, அப்பாவிடமிருந்து ஓடி வருகிறாயா என்று எனக்குத் தெரிய வேண்டும். நான் மறுபடியும் நடுவில் நிற்க மாட்டேன், பாரிஸுக்கும் பாண்டிக்கும் நடுவில் நிற்கவே மாட்டேன்.

பேப்பரை மேரியில் வாங்கி மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். நடுவில் யாரும் இல்லாமல் மூன்று நாள் இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் இங்கேயே வந்துவிட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் எழுது. ஒரு கேள்வி கேட்காமல் அனுப்புகிறேன். இது மிரட்டல் மாதிரி இருக்கிறது என்றால், மிரட்டல்தான்.

மாலா

*

ரிசார்ட் அறையிலிருந்து,
15.8.2008, சாயங்காலம்

மாலா,

வந்துவிட்டோம். டவுன் பஸ்ஸில்தான் வந்தோம், வேறெப்படி? நான் முன்னால், அவர் பின்னால். டிக்கெட் ஆளுக்கு ஒன்று.

வாசலிலேயே சோழியில் கோத்த மாலை போட்டு, இரண்டு பேர் கையிலும் நீல நிறத்தில் ஒரு பட்டையை மாட்டிவிட்டார்கள். அதைப் போட்டிருந்தால் எங்கே போய் எதைக் கேட்டாலும் கொடுப்பார்களாம். கழற்ற முடியாது, ஊருக்குப் போகும்போது வெட்டித்தான் எடுக்க வேண்டுமாம். உங்கப்பா காப்புக் கட்டின மாப்பிள்ளை போலக் கையைத் தனியாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

ஈனெஸ் அம்மா எங்கள் கல்யாண நாள் என்று சொல்லி வைத்திருக்கிறார் போலிருக்கிறது. கட்டில் முழுக்க ரோஜா இதழ். நடுவில் துண்டை மடித்து இரண்டு அன்னம் செய்து, மூக்கோடு மூக்கு முட்டவிட்டு வைத்திருக்கிறார்கள். அதை எடுக்கட்டுமா என்று நான் யாரைக் கேட்பது? அவர் யாரைக் கேட்பார்? மத்தியானம் அவர் அந்தப் பக்கம் படுத்தார், நான் இந்தப் பக்கம் படுத்தேன். அன்னம் இரண்டும் நடுவில்.

இன்னொரு கஷ்டம் சாவி. சாவி என்றால் சாவியில்லை, ஒரு அட்டை. ஒன்றுதான் கொடுத்தார்கள். அதைச் சுவரில் சொருகினால்தான் விளக்கும் ஏசியும் வரும். உங்கப்பா அதை எடுத்துக்கொண்டு கடலைப் பார்க்கப் போய்விட்டார். நான் குளியலறையில் இருட்டில் நின்றேன். கரண்டு ஆபீசில் உத்தியோகம், வீட்டுக்காரி இருட்டில். என்னத்தைச் சொல்ல!

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பரிமாற வந்தவர் பேர் பலராமன். பிள்ளைச்சாவடிக்காரர், நாற்பது வயசு இருக்கும், மூன்று பிள்ளைக்குத் தகப்பன். "தம்பி, அவருக்குச் சக்கரை இருக்கு, பாயசம் வேணாம்னு சொல்லுங்க" என்றேன். அந்த மனுஷர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார், ஒரு விநாடி அவரைப் பார்த்தார். எங்களுக்கு நடுவில் ஒரு முழம் மேசைதான் இருக்கிறது. "சார், மேடம் உங்க உடம்பு மேல அக்கறையா சொல்றாங்க, பாயசம் வேணாமாம்" என்றார். "ஒரு ஸ்பூன் சாப்பிட்டா செத்துற மாட்டேன்னு சொல்லுப்பா" என்றார் உங்கப்பா. பலராமன் என் பக்கம் திரும்பி, "மேடம், சார் ஒரே ஒரு ஸ்பூன் போதும்னு சொல்றாரு" என்றார். உன்னை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருந்தது. நான் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பலராமனுக்குத்தான் கொடுத்தேன்.

உன்மேல் கோபமாகத்தான் வந்தேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காலையிலிருந்து நான் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார வெட்கமாகக்கூட இருக்கிறது. சாப்பிடும் இடத்தில் தட்டை எடுக்க எழுந்தேன். பலராமன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்க உக்காருங்கம்மா, நான் கொண்டாறேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அடுப்பு மூட்டாத பொழுது என்று எனக்கு ஒன்று விடிந்ததில்லை. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். மனசார எழுதுகிறேன்.

ஆனால் முடிவு மாறவில்லை. இவ்வளவு பெரிய கடலுக்கு முன்னால் உட்கார்ந்தும் அந்த மனுஷனுக்கு என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பலராமன் நாளைக்கு லீவாம். நாளைக்கு என்ன செய்யப்போகிறோமோ தெரியவில்லை. பேப்பரை அனுப்பு.

அம்மா

*

சார்செல்.
26.8.2008

அம்மா,

கடிதம் கிடைத்தது. அன்னம் இரண்டையும் நினைத்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். இந்த மாதங்களில் இரண்டும் சேர்ந்துதான் வருகிறது.

பேப்பரை இத்துடன் வைத்திருக்கிறேன். கேள்வி கேட்க மாட்டேன் என்று சொன்னேன், கேட்கவில்லை. பலராமனுக்கு மட்டும் என் அனுதாபத்தைச் சொல். என் வேலையை ஒரு நாளிலேயே கற்றுக்கொண்டிருக்கிறார்.

ஆனால் மனசில் இருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன ஞாயிறு போன் பண்ணியபோது "மத்த ரெண்டு நாள் என்னாச்சும்மா?" என்று கேட்டேன். "எழுதுறேன்" என்றாய். பக்கத்தில் அப்பா இருமினார். பிறகு யாரோ சிரித்த மாதிரி கேட்டது. உங்கள் வீட்டில் யார் சிரிப்பது? குஞ்சம்மாள் அக்காவா?

இன்னொன்று. அப்பா இதுவரைக்கும் என்னிடம் பேசியதே இல்லை, அம்மா. யோசித்துப் பார். "உங்கம்மாகிட்ட சொல்லு", "உங்கம்மாவ கேளு", "உங்கம்மா என்ன சொல்றா?" இவ்வளவுதான். தெயோவைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று நான் நடுங்கிக்கொண்டு நின்றபோதுகூட "உங்கம்மாவுக்குச் சம்மதமான்னு கேளு" என்றுதான் சொன்னார். என் வழியாகத்தான் பேசினார், என்னிடம் பேசவில்லை. விமான நிலையத்தில் கடைசியாக என் தலையில் கையை வைத்துவிட்டு, "உங்கம்மாவ அழ வேணாம்னு சொல்லு" என்றார். நானும்தான் அழுதுகொண்டிருந்தேன்.

குழந்தை உதைக்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வருகிறது. என்ன நடந்தது என்று எழுது. எல்லாவற்றையும் எழுது. எதற்காக ஆரம்பித்தது என்பதையும்.

மாலா

*

நெல்லித்தோப்பு.
4.9.2008

மாலா,

பேப்பர் வந்து சேர்ந்தது. சிரித்தது உங்கப்பாதான். எதற்குச் சிரித்தார் என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். உட்கார்ந்துகொண்டு படி.

பதினாறாம் தேதி பலராமன் இல்லை. அவருக்குப் பதிலாகப் பரிமாற வந்தது அஸ்ஸாம் பக்கத்துப் பெண். நல்ல சிரித்த முகம், தமிழ் ஒரு சொல் தெரியாது. எனக்கு இந்தி தெரியாது. உங்கப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் வோல்டேஜ், டிரான்ஸ்ஃபார்மர். நான் மாத்திரையை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் எழுந்துபோய், நான் எடுக்க மறந்த வெங்காயச் சட்னியைக் கொண்டுவந்து என் தட்டில் வைத்தார். அன்று பகல் முழுக்க அப்படியே போனது. வேலை நடந்தது, பேச்சு நடக்கவில்லை.

சாயங்காலம் புல்வெளியில் நாற்காலி போட்டு ஜோடிகளுக்கு விளையாட்டு வைத்தார்கள். மைக் பிடித்தவன் சென்னைக்காரன், வாய் மூடாத ஆள். கல்யாண நாள் கொண்டாடுகிறவர்கள் என்று எங்களைத்தான் முதலில் கையைப் பிடித்து இழுத்துப்போனான். மாட்டேன் என்றால் விட்டால்தானே! முதுகுக்கு முதுகாக உட்கார வைத்து ஆளுக்கு ஒரு சிலேட்டைக் கொடுத்தான். கேள்வி கேட்பான், இரண்டு பேரும் எழுத வேண்டும், ஒத்துப்போனால் மார்க். சுற்றி பெங்களூரிலிருந்து வந்த சின்னச் சின்ன ஜோடிகள், ஒருவர் இடுப்பில் ஒருவர் கையைப் போட்டுக்கொண்டு. இன்று மானம் கப்பலேறப்போகிறது என்று நினைத்தேன்.

"சாருக்குக் கோபம் வந்தா எப்படித் தெரியும்?" என்றான். "செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து விடுவார்" என்று எழுதினேன். சாதாரண நாளில் ஒன்று கிழக்கே கிடக்கும், ஒன்று மேற்கே கிடக்கும், உனக்கே தெரியும். அவர் சிலேட்டில் "செருப்பை நேராக வைப்பேன்" என்று இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். தோசையில் எந்தப் பக்கத்தை முதலில் பிய்ப்பார், கொலுவில் எனக்குப் பிடித்த பொம்மை எது, எந்த முட்டி வலிக்கும் என்று வரிசையாகக் கேட்டான். எல்லாம் சரி. பெங்களூர்ப் பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, எப்பவும் பேசிக்கிட்டே இருப்பீங்க போல" என்றாள்.

கடைசிக் கேள்வி. "மேடம் அழுதா, வீட்டுல எங்க உக்காந்து அழுவாங்க?"

"நான் அழ மாட்டேன்" என்று எழுதினேன். உண்மைதானே, நான் அழுது நீகூடப் பார்த்ததில்லை, அந்த விமான நிலையத்தைத் தவிர. அவன் உங்கப்பா சிலேட்டை வாங்கி மைக்கில் வாசித்தான். "தண்ணி மோட்டாரைப் போட்டுவிட்டு, பின்கட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று."

மாலா, அது யாருக்கும் தெரியாது. மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்றுதானே அங்கே போய் நிற்பது. மைக் ஆள், "ஐயோ, தப்பாயிடுச்சு, முதல் பரிசு போச்சே" என்று கத்தினான். நான் எழுந்து மைக்கைக் கையில் வாங்கினேன். "நான் எழுதினதுதான் தப்பு. அவரு சொன்னதுதான் சரி" என்றேன். அவர் பேச்சு சரி என்று என் வாயால் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று!

பரிசு பெங்களூர் ஜோடிக்குத்தான் போனது. போகட்டும்.

அறைக்கு நடந்தோம். அவர் கதவில் அட்டையைத் தேய்த்தார். திறக்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மோட்டார் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா, நிர்மலா?"

காலண்டரிடம் கேட்கவில்லை. டிவியிடம் கேட்கவில்லை. என் பேரைச் சொல்லிக் கேட்டார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"கேட்டும் வரலையே நீங்க?"

"வந்தேன். ஒவ்வொரு தடவையும் வந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் நிப்பேன். உள்ள வரட்டான்னு கேக்க மாலா இல்ல. ஸ்கூலுக்குப் போயிருப்பா, காலேஜுக்குப் போயிருப்பா. அப்புறம் ஊரை விட்டே போயிட்டா."

"வந்து நின்னு என்ன பண்ணுனீங்க?"

"தொட்டி ரொம்பி வழியும். இருந்தாலும் மோட்டாரை நிறுத்த மாட்டேன். நீ அழுது முடிக்கட்டும்னு."

ஒரு பல்பு வீணாக எரிந்தால் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிற மனுஷன். மாடித் தொட்டி வழிந்து குஞ்சம்மாள் வீட்டுச் சுவர் வரைக்கும் நனையும், அதற்கு ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. என்ன ஆச்சரியம் என்று நான் நினைத்ததுண்டு. காரணம் இப்போதுதான் தெரிந்தது. அங்கேயே, கதவுக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். மோட்டார் இல்லாமல் அழுதேன். அவரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

எதற்காக ஆரம்பித்தது என்று கேட்டாயே. சொன்னால் நீயே சிரிப்பாய். உழவர்கரையில் உன் மாமா வீட்டுக் கிரகப்பிரவேசம். பக்கத்து மனையை நாமும் வாங்கலாம் என்று நான் சொன்னேன். அத்தனை சொந்தக்காரர் முன்னால், "இவ பேச்சைக் கேட்டா வீடு வெளங்குமா?" என்றார் உங்கப்பா. எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும், "இனிமே என் பேச்சு உங்க காதுல விழாது" என்றேன். இரண்டு நாள் போதும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவரும் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றுதான் இருந்திருக்கிறார். அன்று நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தாய். "உங்கப்பாகிட்ட சொல்லு" என்றேன். நீ போய்ச் சொன்னாய். வேலை நடந்துவிட்டது. வேலை நடந்த பிறகு வீம்பை யார் விடுவார்? நீ அவ்வளவு சமர்த்தாக இல்லாமல் இருந்திருந்தால் மூன்றாம் நாளே ரேஷன் கார்டு எங்கே என்று கேட்கவாவது பேசியிருப்போம். உன்மேல் பழி போடவில்லை, கண்ணு. உன் முதுகில் நாங்கள் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்துகொண்டோம். எனக்கு அது இப்போதுதான் உறைக்கிறது.

மறுநாள் காலையில் பொங்கல் குழைந்ததா இல்லையா என்று சாப்பாட்டு மேசையில் நேருக்கு நேர் சண்டை போட்டோம். சத்தமாகத்தான். எத்தனை வருஷத்துப் பாக்கி! லீவு முடிந்து வந்திருந்த பலராமன் ஓடி வந்து, "மேடம், சாருக்கு என்ன சொல்லணும்?" என்று கேட்டார். "ஒண்ணும் வேணாம் தம்பி, நானே சொல்லிட்டேன்" என்றேன். அந்த மனுஷர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அன்று ரிசார்ட்டில் காலையில் குடித்த காபி வாயில் வைக்க முடியாத காபி. ஆனால் "உனக்கு ஒரு கப் கொண்டாரட்டா?" என்று கேட்டு அவர் கொண்டுவந்து கொடுத்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தேன். உனக்கு, மாப்பிள்ளைக்கு, ஈனெஸ் அம்மாவுக்கு, அந்தச் சென்னைக்கார வாயாடிக்குக்கூட நன்றி சொல்லிக்கொண்டே குடித்தேன்.

போனில் ஏன் சிரித்தார் என்றால், நீ பேசும்போது நான் அவரைப் பார்த்துக் கண்ணை உருட்டினேன். அவ்வளவுதான்.

அம்மா

*

சார்செல்.
14.9.2008

அம்மா,

உன் கடிதத்தை ரயிலில் படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டேன். இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அழுகிறவளைப் பார்த்து ஒரு கிழவர் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். தெயோவுக்கு வாசித்துக் காட்டினேன். செருப்பு விஷயத்தைக் கேட்டதும் எழுந்துபோய்த் தன் ஷூவைக் கோணலாக வைத்துவிட்டு வந்தான்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வரவில்லை. கடவுளுக்கு நன்றி. அந்தச் சிலேட்டுக்கும் நன்றி.

ஆனால் இரண்டு கேள்வி இருக்கிறது. ஒன்று உனக்கு. இனி நீ இங்கே வந்து இருந்துவிடப் போகிறாயா, திரும்பிப் போகப் போகிறாயா? எதுவானாலும் சரி, தெரிந்தால் போதும்.

இன்னொன்றை உன்னிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை. "கேக்க மாலா இல்ல" என்று அப்பா சொன்னார் அல்லவா? அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அப்பா என்னைத் தேடினாரா, தூது போகிற ஆளைத் தேடினாரா? இப்போது நீங்கள் இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்கிறீர்கள். நடுவில் ஆள் வேண்டாம். அப்படியானால் அப்பாவுக்கு நான் எதற்கு?

சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது. தபாலில் போடுவதற்கு முன்னால் இந்த வரிகளை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

மாலா

*

நெல்லித்தோப்பு.
25.9.2008

மாலா,

மூன்று மாதம் இருப்பேன். குழந்தைக்குத் தலை நிற்கும் வரை பார்த்துக்கொண்டு, உனக்குப் பத்தியம் முடித்துவிட்டு, திரும்பி வந்துவிடுவேன். போக வர டிக்கெட்டாகவே எடுத்துவிடச் சொல் மாப்பிள்ளையை. விசாவுக்கு இன்னும் மனுவே போடவில்லை, அதற்குள் இந்த மனுஷன் "எப்ப வருவ, எப்ப வருவ" என்று ஆரம்பித்துவிட்டார். சமைக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று நேற்று சாம்பாரில் இரண்டு தடவை உப்பைப் போட்டார். வாயில் வைக்க முடியவில்லை என்று நேராகச் சொன்னேன், வடிகட்ட நீ இல்லையே. குஞ்சம்மாள் மதில் மேல் எட்டிப் பார்த்து, "முன்னயே தேவலாம்க்கா, இப்ப தூங்க முடியல உங்க சத்தத்துல" என்கிறாள்.

உன் இரண்டாவது கேள்வியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு, "அவகிட்ட சொல்லு, அப்பிடியெல்லாம் இல்லைன்னு" என்றார்.

"சொல்ல மாட்டேன்" என்றேன். "இருவத்தாறு வயசுப் பொண்ணு நேரா கேட்டிருக்கா. நீங்களே எழுதுங்க."

பேனாவை அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அரை மணி நேரமாகக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் அடுப்பைப் பார்க்கப் போகிறேன். என்ன எழுதுகிறார் என்று பார்க்க மாட்டேன், ஒட்டித் தபாலில் போட்டுவிடுவேன்.

அம்மா

மகள் மாலாவுக்கு,

உன் அம்மாவிடம் சொல்லச் சொல்லி உன்னைக் கூப்பிட்டதில் பாதிக்கு மேல் சொல்வதற்கு விஷயம் எதுவும் இருந்ததில்லை. கூப்பிட்டால் நீ படிப்பை விட்டுவிட்டு வந்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னப்பா?" என்று கேட்பாய். அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகு வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. அதனால் ஏதாவது ஒன்றை உன் அம்மாவிடம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவேன். நீ போனதும், அடுத்து என்ன சொல்லிக் கூப்பிடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

இப்போதும் யோசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனை நான் எடுக்கிறேன்.

அப்பா